உறுப்பினர் அட்டை (கொல்கத்தா கால்பந்து)

கொல்கத்தா கால்பந்துக் கழகங்கள் ஆண்டுச் சந்தா செலுத்துவோருக்கு வழங்கும் அட்டை. இந்நகரத்தில் சீசன் டிக்கெட்டைவிட இதுவே மூத்தது. மோகன் பகான் (1889), முகமதன் ஸ்போர்ட்டிங் (1891), ஈஸ்ட் பெங்கால் (1920) ஆகிய மூன்றின் வாழ்வும் இவ்வட்டைக்காரர்களைச் சுற்றியே அமைந்தது.

இங்கிலாந்துக் கழகங்கள் பல, தவறாமல் வருவோருக்குப் புள்ளி சேர்த்து, வெளியூர் ஆட்டச் சீட்டில் முன்னுரிமை தருகின்றன. கொல்கத்தாவில் விசுவாசத்துக்கு மரபான பரிசு வேறு: மைதான் வெளியிலுள்ள கழகத் திடலில் உறுப்பினர் கேலரி, நிர்வாகத் தேர்தலில் ஓட்டு. புள்ளியைவிட ஓட்டு பெரிதுதான். மைதான் ராணுவத்தின் பொறுப்பிலுள்ள நிலம். நினைத்தபடி அரங்கைப் பெரிதாக்க முடியாது. ஆகவே கேலரி இடம் எப்போதும் அரிது. அட்டையில்லாத ரசிகர்கள் வில்லியம் கோட்டைப் பக்கத்து மேட்டில் நின்று, முன்னால் நிற்பவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த காலமும் உண்டு.

1984இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் அரங்கம் கணக்கை மாற்றியது. 1997 ஜூலை 13 அன்று அங்கே நடந்த பெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,781 பேர் திரண்டனர். பாய்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களோடு ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4-1 என வென்றது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்தபின் சீசன் டிக்கெட்டும் விற்பனைக்கு வந்தது.

வென்ற நாளில் ரசிகர் தமக்குத் தாமே தரும் பரிசு மீன் சந்தையில் இருக்கிறது: ஈஸ்ட் பெங்கால்காரருக்கு இலிஷ் மீன், மோகன் பகான்காரருக்கு இறால்.