கடற்கரைப் பவளமும் கண்ணாடித் தொட்டியும்

பாக் விரிகுடாவின் பவளத்திட்டுகள் மண்டபம், பாம்பன் கரையோரம் உள்ளன. அடுத்துள்ள மன்னார் வளைகுடாவில் பவளக்கல்லைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் அனுப்பும் தொழில் பல பத்தாண்டுகள் நடந்தது. கல்லென்று பெயர்க்கப்பட்டது உயிர்க்கூட்டம். ஒவ்வொரு குழியிலும் ஒரு சிற்றுயிர். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி வெயிலைக்கொண்டு உணவு ஆக்கித் தருகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியிலும் இதே விதிதான்.

மன்னார் வளைகுடாவின் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி தீவுகள் கடலில் அமிழ்ந்ததற்குப் பவளக்கல் பெயர்க்கும் தொழில் முக்கியக் காரணம். ஈடுசெய்ய முடியாத இழப்பு அது. 1986இல் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அன்றுமுதல், கடலில் பெயர்த்த கடினப் பவளத்தை வீட்டுத் தொட்டிக்கு வாங்குவது குற்றம்.