துளைக்கப்பட்ட குழல்: திருவிதாங்கூர் எல்லைப்புறமும் துப்பாக்கி வரலாறும்

முன்னுரை

படைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கருவியைச் செய்தவர், செப்பனிட்டவர், மாற்றியமைத்தவர் ஆகியோரின் கைத்தொழில் வரலாறு போதிய கவனம் பெறவில்லை. அவற்றுள் ஒன்று, துப்பாக்கிக் குழலை மறுபடி துளைத்து அகலமாக்கித் தோட்டா அறையைப் புதிதாகக் கடையும் தொழில். சிறு பட்டறை வேலையாகத் தோன்றும் இது, யார் எத்தகைய கருவியை ஏந்தலாம் என்ற அரசியல் வினாவோடு பிணைந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தின் சொல்வழக்கையும் வரலாற்றையும் துணையாகக் கொண்டு இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் தரும் சான்று

‘துப்பாக்கி’ என்னும் சொல் துருக்கிய மூலம் உடையது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மலையாளத்தில் இது ‘தோக்கு’ என வழங்கும். கருவியின் பெயர் கடன் சொல்லாயினும், அதன் உயிர்நிலையான உறுப்பிற்குத் தமிழும் மலையாளமும் ‘குழல்’ என்ற பழஞ்சொல்லையே ஆள்கின்றன. இரட்டைக் குழல் துப்பாக்கி எல்லையின் அப்பால் ‘இரட்டைக்குழல் தோக்கு’ ஆகிறது. குழலைத் துளைக்கும் கருவியைக் குறிக்கத் தச்சர், கொல்லர் வழக்கிலுள்ள ‘துரப்பணம்’ நமக்கு உண்டு. கருவி வெளியிலிருந்து வந்தாலும் தொழிலின் சொற்கள் உள்ளூர்க் கொல்லுலையில் முன்பே இருந்தன எனலாம்.

உதயகிரி உலைக்களம்

இப்பகுதியில் பெரிய அளவிலான குழல் தொழிலுக்குக் கால்கோள் இட்டது குளச்சல் போர். 1741இல் மார்த்தாண்டவர்மரிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர்த் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார். தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலைக்களம் அமைந்தது. மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என அழைத்தனர். 1777இல் மறைந்த அவரது கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது.

இந்நிலை நெடிது நீடிக்கவில்லை. 1809 சனவரியில் வேலுத்தம்பித் தளவாய் குண்டறை அறிக்கையை வெளியிட்டுக் கும்பினியாரை எதிர்த்தார். அவ்வெழுச்சி ஒடுக்கப்பட்டதும் திருவிதாங்கூர்ப் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. ஆயுதத்தை மக்களிடமிருந்து அகற்றுவது முதல் வழி. அதனை வலுக்குறைத்துக் கொடுப்பது இரண்டாம் வழி. இவ்விரண்டாம் வழியே குழல் துளைத்தலோடு தொடர்புடையது.

1857க்குப் பின்

குழலின் உட்சுவரில் திருகுசுருளாகச் செல்லும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் குண்டு நெடுந்தொலைவு நேராகச் செல்லும். 1853ஆம் ஆண்டு என்பீல்டு துப்பாக்கியின் குழல் மூன்று வரிப்பள்ளங்கள் கொண்டது. அதன் உள்விட்டம் 0.577 அங்குலம். இதன் தோட்டாவில் தடவிய கொழுப்பே 1857 எழுச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றானது என்பதை நாமறிவோம்.

எழுச்சிக்குப் பின் ஆங்கில அரசு செய்தது நுட்பமானது. இந்தியச் சிப்பாய்களுக்கென, வரிப்பள்ளங்களைக் கடைந்தெறிந்து வழுவழுப்பாக்கிய குழலுடைய துப்பாக்கிகளை 1858 முதல் வழங்கியது. உள்விட்டம் ஏறத்தாழ 0.656 அங்குலமாயிற்று. அதாவது விட்டத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் இரும்பு அகற்றப்பட்டது. குழற்சுவர் மெலிந்ததால், அடுத்த மாதிரியில் தடித்த குழலே செய்யவேண்டியதாயிற்று. புறத்தோற்றம் மாறவில்லை, ஆனால் பல நூறு கெசம் தாக்கவல்ல கருவி நூறு கெச அளவிலேயே நம்பத்தக்கதாய்ச் சுருங்கியது. குழலில் எடுத்த 2 மில்லிமீட்டர், ஆள்வோரின் அச்சத்திற்கு அளவுகோலாக அமைகிறது.

பின்னர் வந்த கருவிகளிலும் இம்முறை தொடர்ந்தது. ஆங்கிலப் படை 1871இல் ஏற்ற மார்ட்டினி–என்றி என்னும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு மாறியபோது, இந்தியப் படைக்கு முந்தைய தலைமுறையான சினைடர் துப்பாக்கியே கிடைத்தது. 0.303 அங்குலத் தோட்டா வந்தபின், மார்ட்டினியின் பழைய அடிப்பொறியிலேயே புதுக்குழல் பொருத்தப்பட்டது. அடிப்பொறி நிலைத்திருக்கக் குழல் மட்டும் மாறுவது இத்தொழிலின் இயல்பு.

இருபதாம் நூற்றாண்டில் வங்காளத்தின் ஈசாப்பூர்த் தொழிற்சாலை இதற்கு முழுமையான சான்று தருகிறது. அங்கு 0.303 அங்குல லீ–என்பீல்டு துப்பாக்கியின் குழல் 0.410 அங்குலமாகத் துளைத்து வழுவழுப்பாக்கப்பட்டது. தோட்டா அறையும் மறுபடி கடையப்பட்டது. கழுத்துக் குறுகாத நேர்வடிவப் பித்தளைத் தோட்டா அதற்கெனச் செய்யப்பட்டது. தோட்டாப் பெட்டி இருக்கவேண்டிய இடத்தை மரக்கட்டையால் அடைத்தமையால், பல தோட்டாத் துப்பாக்கி ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாகியது. காவலர்க்கும் காவற்பணியாளர்க்கும் அது வழங்கப்பட்டது. அது பகைவர் கைக்குச் சென்றாலும் படையினரின் துப்பாக்கிக்கு நிகராகாது.

எல்லைப்புறத்தின் நினைவு

இக்கருவிகளின் வாய்ப்புறத்தில் நின்றோரின் வரலாறும் உண்டு. 1938 ஆகசுட்டு 31இல் நெய்யாற்றின்கரையில், பொறுப்பாட்சி கோரிய மக்கள்மீது சுடப்பட்டதில் வீரராகவன் உள்ளிட்டோர் உயிர்துறந்தனர். 1954 ஆகசுட்டு 11இல் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் தமிழகத்தோடு இணையக் கோரியோர் சுடப்பட்டனர். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்திற்கு வந்தது. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

முதல் நிகழ்ச்சியை மலையாளம் ‘வெடிவெப்பு’ என்கிறது. இரண்டாவதைத் தமிழ் ‘துப்பாக்கிச் சூடு’ என்கிறது. ஒன்று ஓசையால் பெயர் பெற்றது. மற்றொன்று வெம்மையால் பெயர் பெற்றது. களியக்காவிளைக்கு இருபுறமும் பெயர் வேறு, இழப்பு ஒன்றே.

முடிவுரை

மேற்கண்டவற்றால், குழலை மறுதுளையிடுதல் செப்பனிடும் தொழிலாக மட்டுமன்றி ஆட்சிமுறையின் கருவியாகவும் இருந்தது என்பது புலனாகிறது. விடுதலைக்குப் பின்னும் அரசு இதனைத் தன் கண்காணிப்பிலேயே வைத்துள்ளது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி செய்வதற்கு மட்டுமன்றி, மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டுகிறது. போர்களின் பட்டியலோடு பட்டறையின் துரப்பணத்தையும் சேர்த்துப் படிக்கும்போதே ஆயுத வரலாறு மக்கள் வரலாறாக நிறைவுறும்.