வீட்டுக் கடன் வாங்கப் போறீங்களா? சும்மா கிடக்கும் கிரெடிட் கார்டை ரத்து செய்யலாமா?

டெல்லி முனிர்காவில் வாடகைக்கு இருக்கிறீர்கள். மெஜந்தா லைன் மெட்ரோவிலேயே போய்வரலாம் என்று நொய்டா பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறீர்கள். முதல் வீட்டுக் கடன். கையில் இரண்டு கிரெடிட் கார்டு, அதில் ஒன்றைத் தொட்டே மாதக்கணக்கு ஆகிறது. "லிமிட் அதிகமா இருந்தா லோனைக் குறைச்சிடுவாங்க, முதல்ல கேன்சல் பண்ணு" என்கிறார் நண்பர். செய்யலாமா?

அவசரப்படாதீங்க. இந்தியாவில் அது பெரும்பாலும் உங்களுக்கே பாதகமாக முடியும்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

ஆஸ்திரேலியாவில் இது உண்மை. அங்கே ஒரு ரூபாய்கூட செலவழிக்காவிட்டாலும், கார்டின் மொத்த லிமிட்டில் ஒரு பங்கை மாதாந்திரச் செலவாகவே வங்கி கணக்கில் எடுக்கும். சிட்னியில் இருக்கும் சொந்தக்காரர் சொல்வது அந்த ஊருக்குச் சரி.

இங்கே வங்கிகள் பொதுவாகப் பார்ப்பது லிமிட்டை அல்ல, நிலுவையை.

பயன்படுத்தாத லிமிட் எப்படி உதவுகிறது?

மொத்த லிமிட்டில் எத்தனை சதவீதம் செலவழிக்கிறீர்கள் என்பது சிபில் ஸ்கோரைப் பாதிக்கும். 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை.

ஒரு கார்டின் லிமிட் 1 லட்சம், அதில் செலவு 30,000 ரூபாய். சும்மா கிடக்கும் கார்டின் லிமிட் 2 லட்சம். இரண்டும் சேர்த்தால் பயன்பாடு 10 சதவீதம்தான். இரண்டாவது கார்டை மூடினால், அதே செலவு 30 சதவீதமாகிவிடும்.

அப்போ எது கடனைக் குறைக்கும்?

நிலுவையும் இஎம்ஐயும். கார்டு நிலுவையில் 5 சதவீதத்தை மாதத் தவணையாகக் கணக்கிடுவது பல வங்கிகளின் வழக்கம். நிலுவை 40,000 என்றால் மாதம் 2,000 ரூபாய். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு கடனில் ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 868 ரூபாய். ஆக, அந்த 2,000 ரூபாய் உங்களுக்குக் கிடைக்கும் கடனில் சுமார் 2.3 லட்சத்தைக் குறைத்துவிடும்.

மறந்துபோன கார்டு ஆபத்து

பயன்படுத்தாத கார்டிலும் ஆண்டுக் கட்டணம் ஏறலாம். அதைக் கவனிக்காமல் விட்டால், உரிய தேதி தாண்டி 3 நாளுக்கு மேல் போனதும் 'தாமதம்' என்று பதிவாகலாம். ஐநூறு ரூபாய் பாக்கிக்காக லட்சக்கணக்கான கடன் சிக்கலாகும்.

விண்ணப்பிக்கும் முன் என்ன செய்யலாம்?

* சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட் இலவசம். வாங்கிப் பாருங்கள். தெரியாத கார்டு இருந்தால் புகார் செய்யுங்கள்.
* பில் வரும் தேதிக்கு முன்பே நிலுவையைக் கட்டிவிடுங்கள். வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது; அதனால் கட்டியது முன்பைவிட சீக்கிரம் ரிப்போர்ட்டில் தெரியும்.
* இந்த நேரத்தில் புது கார்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள்.
* "லோன் ஓகே ஆயிடுச்சு" என்று ஏசி, சோபாவை கார்டில் வாங்காதீர்கள். பணம் தரும் முன் வங்கி மறுபடி ரிப்போர்ட் பார்க்கலாம்.

மூடியே ஆகணும்னா?

ஆண்டுக் கட்டணம் சுமையாக இருந்தாலோ, கையில் கார்டு இருந்தால் செலவு கட்டுக்குள் நிற்காது என்றாலோ மூடலாம். முடிந்தால் வீட்டுக் கடன் கைக்கு வந்த பிறகு மூடுங்கள், பழைய கார்டை விட்டு புதியதை. நிலுவை இல்லாத கார்டை, நீங்கள் கேட்ட 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கியே மூடலாம். அதனால் வைத்திருக்க நினைக்கும் கார்டில் அவ்வப்போது ஒரு சின்ன ரீசார்ஜ் செய்து, உடனே கட்டிவிடுங்கள்.