பெரட்டுக்களத்துக் கணக்கு

விடிவதற்குள் தப்புச் சத்தம் கேட்கும். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்து ஆட்கள், பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு இறங்குவார்கள். தோட்டத்தை நடத்தும் துரை பார்த்து நிற்க, கங்காணி தன் ஆட்களைக் காட்ட, கணக்கப்பிள்ளை தலைகளை எண்ணி எந்த மலைக்கு எத்தனை பேர் என்று பிரித்து அனுப்புவார். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்பது செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் ஏறும். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, பூனாகலை என்று ஊவாவின் எந்த மலைக்குப் போனாலும் பல தலைமுறைகளுக்கு நாள் இப்படித்தான் தொடங்கியது, இப்படித்தான் முடிந்தது. இலங்கையில் இவ்வளவு நெருக்கமாக, ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் எண்ணப்பட்ட வேறொரு சனக்கூட்டம் இல்லை என்றே சொல்லலாம். அந்தக் கணக்கு யாருடைய தேவைக்காக எழுதப்பட்டது என்பதில்தான் இந்த மலையகத் தமிழ் மக்களின் வரலாறு அடங்கியிருக்கிறது.

கோப்பிக் காலத்தில் எண்ணியது இறங்குதுறையில். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்து இறங்கியவர் எத்தனை, திரும்பிப் போனவர் எத்தனை என்று அரசாங்கம் குறித்துவைத்தது. காட்டுவழியே மாத்தளைக்கும் அதற்கு அப்பாலும் நடந்தவர்களில் வழியில் விழுந்தவர்களைக் குறிக்க ஏடு ஏதும் இருக்கவில்லை. 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் கால்வாசிப்பேர், சுமார் 70,000 பேர், மாண்டிருப்பார்கள் என்று 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை மதிப்பிட்டது. இறந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லாததால், கழித்தல் கணக்கில்தான் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

தீவு முழுவதற்குமான முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. ஊவா தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகரானது 1886இல். அதற்குள் கோப்பியை இலைநோய் அழித்திருந்தது, தேயிலை மலையேறிக்கொண்டிருந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் ரயில் அப்புத்தளைக்கும், மறு ஆண்டு பண்டாரவளைக்கும் வந்தது. பதுளையை எட்ட 1924 ஆயிற்று. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். ஆள் தேவை கூடக்கூட, கணக்கும் இறுகியது. 1901இல் தகரத் துண்டு முறை வந்தது. தோட்டத்தைக் காட்டும் எழுத்தும் எண்ணும் பொறித்த அந்தச் சிறு தகடு கையில் இருந்தால், கடல் கடந்து வந்தவர் எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பது வழியிலுள்ள அதிகாரிகளுக்கு விளங்கிவிடும். அவருடைய பெயரைக் கேட்கவேண்டிய தேவைகூட இல்லை.

குடிசன மதிப்பீட்டில் தோட்டங்களுக்கு எப்போதுமே தனி ஏற்பாடுதான். கிராமங்களில் அரசாங்கத்தின் ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். தோட்டங்களில் துரையே பொறுப்பாளி. செக்ரோலும் அதை எழுதிய கையும் ஏற்கெனவே அங்கே இருந்தன. 1901ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். அதில் யாழ்ப்பாணத்துத் தமிழரும் தோட்டத்துத் தமிழரும் ‘தமிழர்’ என்ற ஒரே நிரலில் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1911இல், ஈ. பி. டென்ஹாம் நடத்திய மதிப்பீட்டில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டு நிரல்கள் வந்தன. ஆள் வரத்தையும் போக்கையும் பார்ப்பதற்கு அந்தப் பிரிவு அதிகாரிகளுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அட்டவணையில் கிழிக்கப்பட்ட அந்தக் கோடு, முப்பத்தேழு ஆண்டுக்குப் பின் சட்டத்தில் ஏறியபோது ஏற்பட்ட சேதத்தை நினைத்தால், அதை வெறும் அலுவலக வசதி என்று விட்டுவிட முடியாது.

ஒரு கணக்காவது இவர்களுக்குப் பயன்பட்டது. 1923இல், தீவின் புள்ளிவிபர அலுவலகத்தின் தலைவர் லூயிஸ் டர்னர் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கைச் செலவை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். ஒரு குடும்பம் மாதத்துக்கு எவ்வளவு அரிசி தின்னுகிறது, துணிக்கு என்ன போகிறது என்ற கேள்வி முதன்முறையாக அரசாங்கத்தின் மேசைக்கு வந்தது. 1927ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் 1929இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. அரிசியைக் குறித்த விலைக்கு மேற்படாமல் கொடுக்கவும் வேண்டும். கொழுந்தெடுப்பில் பெரும்பகுதியைச் செய்த பெண்ணுக்கு அந்த 11 சதம் ஏன் குறைந்தது என்பதற்கு எந்த அட்டவணையிலும் பதில் கிடையாது. சமகூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1947 பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. மணமானவருக்கு ஏழு வருடம், மணமாகாதவருக்குப் பத்து வருடம் இடைவிடாது இங்கே வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டது அது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. முதலில் புறக்கணிக்கச் சொன்ன காங்கிரஸ், பின்பு படிவம் நிரப்ப ஆட்களைத் திரட்டியது.

அப்போதுதான் பெரட்டுக்களத்து ஏடு வேறு பெறுமதி பெற்றது. எந்த மாதம் எந்தத் தோட்டத்தில் பேர் விழுந்தது என்பதே ஒருவர் இந்த மண்ணில் இருந்ததற்கு அடையாளமாயிற்று. தோட்டம் மாறியவர்கள், ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டவர்கள், ஒரு தோட்டத்தில் ‘ராமாயி’ என்றும் அடுத்ததில் ‘ராமாய்’ என்றும் எழுதப்பட்டவர்கள் எல்லோருக்கும் சிக்கல்தான். 237,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் சுமார் 825,000 பேர் பிரஜாவுரிமை கேட்டார்கள். கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. நாள் தவறாமல் எண்ணப்பட்டவர்களுக்குத் தாங்கள் இங்கே இருந்ததை நிரூபிக்க முடியாமற் போனது.

1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்த மக்கள் 975,000 என்ற ஒற்றை எண்ணாகச் சுருங்கினார்கள். 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று இரண்டு அரசுகளும் பாதியாக்கிக்கொண்டன. இப்படி வட்டமான எண்களாக மனிதர்கள் எங்கும் வாழ்வதில்லை. ஒரே காம்பராவில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்தன. மலைநாட்டுக் கோச்சியில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, பார்த்தே இராத ஊருக்குப் போனார்கள். 1971இல் 1,174,900 ஆக இருந்த ‘இந்தியத் தமிழர்’ தொகை, 1981இல் 818,700. போனவர்கள் போக, இங்கேயே இருந்துகொண்டு ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டவர்களும் அந்தக் குறைவில் உண்டு. நாடற்றவர்களாக எஞ்சியவர்களின் கணக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும்தான் தீர்ந்தது.

ஆனால் செக்ரோலின் குறை அதோடு தீரவில்லை. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். மண்ணுக்குள் எத்தனை பேர் என்பதற்கு அன்று யாரிடமும் உறுதியான பதில் இல்லை. நூற்றுக்கணக்கில் என்று தொடங்கிய எண்ணிக்கை நாட்கள் போகப்போக நாற்பதுக்குள் வந்தது. வேலைக்குப் பேர் போட்டவர்களைச் செக்ரோல் காட்டும். ஓய்வுபெற்ற கிழவி, கொழும்பிலிருந்து லீவுக்கு வந்த மகன், கைக்குழந்தை ஆகியோர் அதில் இல்லை.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்கு மேற்பட்டு, 10 பேருக்குக் குறையாத தொழிலாளர் குடியிருந்தால் அது தோட்டம். இந்தப் பிரிப்பால் நன்மையும் உண்டு: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம் என்றால் தோட்டத்தில் 32 வீதம் என்று 2016ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வு காட்டியது அதனால்தான். ஆனால் லயத்தை விட்டுப் பதுளை டவுனில் வாடகைக்கு இருப்பவர் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார். தோட்டத் துறையையே மலையகத் தமிழராக எடுத்துக்கொண்டு எழுதும் ஆய்வாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2012இல் பதுளை மாவட்டத்தில் ‘இந்தியத் தமிழர்’ ஏறத்தாழ ஒன்றரை லட்சம், மாவட்டத்தின் 18 வீதம். நாடு முழுவதும் 4.1 வீதம். 2024 மதிப்பீட்டில், பல வருடக் கோரிக்கைக்குப் பின், ‘இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்’ என்று படிவத்தில் பெயர் வந்தது, வீதமோ 2.8க்கு இறங்கிவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு பெரிய சரிவைப் பிறப்பு இறப்புக் கணக்கால் மட்டும் விளக்க முடியாது. வெளியே போனவர்கள் எத்தனை, ‘இலங்கைத் தமிழர்’ என்று சொன்னவர்கள் எத்தனை, அப்படிச் சொன்னது அவரா, படிவம் நிரப்பியவரா? ஒரு பிரதேச செயலகத்தில் தமிழும் நிர்வாக மொழியாக வேண்டுமா என்பதை முடிவுசெய்ய, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைப் பார்க்கச் சொல்கிறது. ஆகவே அப்புத்தளையிலும் அல்துமுல்லையிலும் பசறையிலும் இருப்பவர்கள், கிராம சேவகர் பிரிவு வாரியான அட்டவணைகளை 2012க்கும் 2024க்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தம் லயங்களில் இருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இப்போதே தொடங்கலாம்.