அசைவூட்டக் கலையும் ராம் மோகனும்

அசைவூட்டம் (அனிமேஷன்) என்பது சிறு சிறு மாற்றங்களுடன் வரைந்த படங்களை வேகமாக அடுத்தடுத்துக் காட்டி, அவை அசைவது போன்ற தோற்றத்தை உண்டாக்கும் கலையாகும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும், ஒரு நிமிடக் காட்சிக்கு 720 படங்கள் தேவை. கணினி வருவதற்கு முன் இவற்றைக் கையாலேயே வரைந்தனர்.

சென்னையில் தொடக்கம்

தியாகராய நகருக்கு அருகே, இன்றைய அண்ணா மேம்பாலப் பகுதியில், எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ இருந்தது. அங்கு 1947இல் என். தாணு 'சினிமா கதம்பம்' என்னும் அசைவூட்டப் படத்தை உருவாக்கினார். தென்னிந்தியாவின் தொடக்க கால முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

பம்பாயில் பயிற்சி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பட்டதாரி ராம் மோகன் (1931–2019), முதுகலைப் படிப்பைக் கைவிட்டு, 1956இல் பம்பாயில் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கு அமெரிக்க உதவித் திட்டத்தின்கீழ் வந்த கிளேர் வீக்ஸ் பயிற்சி அளித்தார். டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய வீக்ஸ், இந்தியாவில் பிறந்தவர். புத்த ஜாதகக் கதை ஒன்றைத் தழுவி 1957இல் வெளியான 'தி பனியன் டீர்' இப்பயிற்சியின் விளைவாகும்.

அடிப்படைத் தத்துவங்கள்

டிஸ்னி கலைஞர்கள் 1930களில் கண்டறிந்த நுட்பங்களை, பிராங்க் தாமஸ், ஒல்லி ஜான்ஸ்டன் இருவரும் 1981இல் 12 தத்துவங்களாக நூலில் தொகுத்தனர். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு காண்போம்.

1. நசுங்குதலும் நீளுதலும்: பந்து தரையில் படும்போது தட்டையாகும், எழும்போது நீளும். ஆனால் அதன் கன அளவு மாறக்கூடாது.
2. முன்னசைவு: தாவப் போகும் சிறுவன் முதலில் முழங்காலை மடக்கிக் குனிவான். அது இல்லையேல் தாவுதல் நம்பும்படி இராது.
3. வேக மாற்றம்: பந்து உச்சியை நெருங்கும்போது படங்கள் நெருக்கமாகவும், தரையை நெருங்கும்போது இடைவெளி விட்டும் அமையும்.

மாணவர்கள் இவற்றைப் பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்திலேயே பயிலலாம். பக்கத்துக்கு ஒன்றாக, 24 பக்கங்களில் பந்தை வரைந்து விரைவாகப் புரட்டினால், எங்கே தவறு என்று கண்ணே சொல்லிவிடும்.

கற்றவரே ஆசிரியராதல்

ராம் மோகன் 1972இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஜப்பானியருடன் இணைந்து உருவாக்கிய இராமாயணப் படம் 1990களின் தொடக்கத்தில் வெளியானது. 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிற்காலத்தில் அசைவூட்டப் பள்ளியும் நிறுவி இளைஞர்களுக்குக் கற்பித்தார். இன்று கணினி இடைப்படங்களை நிரப்பித் தரலாம். ஆயினும் பந்து எங்கே நசுங்க வேண்டும் என்பதை முடிவு செய்ய, இயற்கையை உற்று நோக்கிய கண் வேண்டும். அதை ஓர் ஆசிரியரே பழக்க முடியும் என்பதற்கு ராம் மோகனின் வாழ்வு சான்று.