பேரை மூணு தடவை கேட்டது ஏன்?

பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிற மனுஷர் எங்கள் சித்தப்பா. 14 கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் நடப்பார். இந்த முறை அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோய் பைபாஸ் ஆபரேஷன் செய்தோம். வார்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் குறை இதுதான்: "என் பேரு என்னன்னு மூணு பேரு வந்து கேட்டாங்கடா. கையில பட்டை கட்டி எழுதித்தானே வெச்சிருக்கு? படிக்கத் தெரியாதா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1952-ல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் தன் இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முதலாக ஒரு 15 மாதக் குழந்தைக்குப் பயன்படுத்தினார். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை என்று நினைத்துத் திறந்தார். ஓட்டை அங்கே இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. குழந்தை இறந்துவிட்டது. 1953 மே 6 அன்று 18 வயதுப் பெண் ஒருத்திக்கு அதே இயந்திரம் 26 நிமிடம் இதயமாகவும் நுரையீரலாகவும் வேலை செய்தது. அவள் பிழைத்தாள். அடுத்து வந்த நோயாளிகள் பிழைக்காததால் கிப்பன் இதய ஆபரேஷனையே விட்டுவிட்டார்.

1954-ல் மினியாபோலிஸில் வால்டன் லில்லெஹெய் வேறு வழி பிடித்தார். அப்பா அல்லது அம்மாவின் உடம்பையே குழந்தைக்கு இயந்திரமாக இணைத்தார். அப்படி நடந்த 45 ஆபரேஷன்களில் 28 குழந்தைகள் உயிரோடு வீடு திரும்பின. ஆனால் ஒரு தாய்க்கு டிரிப்ஸ் வழியாகக் காற்று ரத்தத்தில் புகுந்து மூளை பாதிக்கப்பட்டது. கத்தி பிடித்தவர் கையில் தப்பில்லை. பக்கத்தில் ஒரு பாட்டிலைக் கவனிப்பதில் நடந்த தப்பு.

நம்ம பக்கம் வருவோம். வேலூர் சி.எம்.சி.யில் 1961-ல் திறந்த இதய ஆபரேஷன் நடந்தது. 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். இயந்திரம் மேம்பட்டுக்கொண்டே வந்தது. ஆபத்தின் இடம் மட்டும் மாறவில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட வேண்டும். போடாமல் இயந்திரத்தை ஓட்டினால் குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடும். தொட்டியில் ரத்த மட்டம் இறங்குவதைக் கவனிக்காவிட்டால் பம்ப் காற்றைத் தள்ளும். மருந்து போடுபவர் மயக்க மருந்து டாக்டர், இயந்திரத்தை ஓட்டுபவர் இன்னொருவர், குழாயைச் சொருகுபவர் சர்ஜன். "ஹெப்பாரின் போட்டாச்சா?", "போட்டாச்சு" என்று ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்வது சடங்கு இல்லை. மூன்று தலைகளுக்கு நடுவே இருக்கும் பாலம் அது.

அந்தப் பாலம் உடைந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தெரிந்தது. குழந்தைகள் அதிகமாக இறக்கிறார்கள் என்று மயக்க மருந்து டாக்டர் ஸ்டீபன் போல்சின் கணக்கு எடுத்துச் சொன்னார். பெரியவர்கள் காது கொடுக்கவில்லை. 1991 முதல் 1995 வரை, எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்ததாக 2001-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. "பெரிய டாக்டர் முன்னாடி வாயத் திறக்கலாமா?" என்பது நமக்கும் பழக்கமான தயக்கம்தானே?

2008-ல் உலக சுகாதார நிறுவனம் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. இதய ஆபரேஷனுக்கு மட்டுமல்ல, எல்லா ஆபரேஷனுக்கும். நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்த இடம், ஒவ்வாமை உண்டா, துணியும் ஊசியும் எண்ணிக்கை சரியா. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் எல்லா ஆஸ்பத்திரிக்கும் கட்டாயமாக்கியபோது பெரிய மாற்றம் தெரியவில்லை என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. காகிதத்தில் டிக் அடித்தால் போதாது. கேட்கிறவர் நிஜமாகவே கேட்க வேண்டும், பதில் தப்பாக இருந்தால் நிறுத்துகிற தைரியமும் வேண்டும்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "மூணாவதா வந்த பொண்ணுகிட்ட எரிஞ்சு விழுந்துட்டேன்டா. அது அப்பவும் சிரிச்சுக்கிட்டே, நீங்க வாயால சொல்லுங்க ஐயான்னு நின்னுச்சு."

நீங்கள் போனாலும் கேட்பார்கள். எத்தனை முறை கேட்டாலும் சொல்லுங்கள். யாருமே கேட்காவிட்டால், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.