கண்ணை மூடினால் அதிரும் முரசு

1965 மே 5. அமெரிக்காவின் வால்தம் நகரில், பிராண்டைஸ் பல்கலைக்கழகத்து ரோஸ் கலைக்கூடம். ஆல்வின் லூசியர் என்ற இசையமைப்பாளர் தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு, நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தார். சுற்றிலும் முரசுகள், தாம்பாள மணிகள், ஜால்ரா வகைகள், தகரக் குப்பைத்தொட்டி. அவற்றின் மேலும் பக்கத்திலும் ஒலிபெருக்கிகள். அவர் எதையும் தொடவில்லை. தொடாமலே முரசுகள் உறுமின.

‘தனிக் கலைஞனுக்கான இசை’ என்று அதற்குப் பெயர். மூளை அலையைக் கொண்டு இசை செய்யும் மரபு இதிலிருந்துதான் தொடங்குகிறது. மூளையால் இசையைக் ‘கட்டுப்படுத்துவது’ என்றே இந்த மரபைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடுதான் சண்டை.

ஆல்பா அலை நொடிக்கு எட்டிலிருந்து பதின்மூன்று முறை துடிப்பது. மனிதக் காது ஏறத்தாழ இருபதுக்குக் கீழ் கேட்பதில்லை. ஆக, அலை கேட்காது. ஆனால் அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் கூம்பு முன்னும் பின்னும் போய்வரும், அந்த உந்தலில் முரசுத் தோல் அதிரும். தலைத்தோலில் கிடைப்பதோ ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவையில் சில பத்துகள்தாம். இதற்கான கருவிகளைத் தந்தவர் அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடத்து இயற்பியலாளர் எட்மண்ட் டீவன். ஆல்பாவை வரவழைத்தும் நிறுத்தியும் மோர்ஸ் எழுத்துகளை அனுப்பிக் காட்டியவர் அவர்.

அலையை நாடாவில் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, நல்ல ஒலிநாடாப் படைப்பாக்கிவிடு என்று லூசியருக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. அவர் மறுத்தார், ஜான் கேஜ் உற்சாகப்படுத்தினார். அந்த மறுப்புதான் படைப்பு என்று எனக்குப் படுகிறது. நாடாவில் ஆல்பா எப்போதும் வரும். மேடையில், இத்தனை பேர் பார்க்க, வராமலே போகலாம்.

ஏன் வராமல் போகும்? ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளை அலையைப் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டார். அவருடைய ஆய்வுகளிலேயே இது தெரிந்துவிட்டது. கண்ணை மூடினால் அலை எழுகிறது, திறந்தால் அடங்குகிறது. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் இதை உறுதிப்படுத்தினார்கள். கண்ணை மூடியிருந்தும் மனக்கணக்குப் போட்டால் அலை குலைகிறது என்றும் கண்டார்கள். வேண்டும் என்று முனைந்தால் போய்விடுகிற ஒன்றைக் கட்டுப்படுத்துவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒன்று செய்து பார்த்தேன். இரண்டு வெள்ளித் தகடு, ஈசிஜிக்குத் தடவும் களிம்பு, ஒரு பெருக்கி ஐசி, எல்லாம் பாட்டரியில். இரண்டு வாரம் என் மூளை என்று நம்பி நான் கேட்டுக்கொண்டிருந்தது சுவரில் ஓடும் ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல். ஒரு ராத்திரி தெருவே இருண்டது. இரைச்சல் நின்றது. ஒலிபெருக்கிக் கூம்பில் காகிதத் தட்டு வைத்து, அதில் கடுகைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினேன். கடுகு பொரிவதுபோல் ஒரு நடுக்கம் கேட்டது. பார்க்கலாம் என்று கண்ணைத் திறந்தேன், நின்றுவிட்டது. மூடினேன், கேட்டது. துள்ளும் கடுகை நான் பார்த்ததே இல்லை.

லூசியருக்குப் பின் வந்தவர்கள் வேறு திசைகளில் போனார்கள். ரிச்சர்ட் டைட்டல்பாம் 1967இல் ரோம் நகரில் மூளை அலையையும் இதயத் துடிப்பையும் மூச்சையும் மூக் சிந்தசைசருக்குள் செலுத்தினார். டேவிட் ரோசன்பூம் 1970களில் ஆல்பாவோடு நில்லாமல், கேட்பவரின் கவனம் திரும்பும் கணத்தை மின்னலையில் தேடிப் பிடித்து அதையே இசை நகரும் காரணமாக்கினார். இவரிடம்தான் உண்மையான வளர்ச்சி இருக்கிறது. அதே காலத்தில் ‘ஆல்பா என்றால் ஞானம்’ என்று வீட்டுக் கருவிகள் விற்ற கூட்டமும் கிளம்பியது. கண்ணை மூடிச் சும்மா இருந்தாலே வருகிற அளவைப் பயிற்சி பெரிதாகத் தாண்டவில்லை என்று 1970களின் ஆய்வுகள் சொன்ன பிறகு அந்தச் சந்தை தணிந்தது.

நம் ஆட்களும் விடுவதில்லை. ‘எங்கள் யோகிகள் அன்றே’ என்பார்கள். டில்லியில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது: தியானத்தில் ஆழ்ந்த யோகிகளிடம் வெளித் தூண்டல்களால் ஆல்பா குலையவில்லை. மதிக்க வேண்டிய ஆய்வு. அதிலிருந்து ஞானத்துக்குத் தாவ வழியில்லை. ஆல்பா என் தலையிலும் வருகிறது; எனக்கு ஞானம் கிடையாது.

நண்பர்கள் இருவரை அழைத்து இன்னொருமுறை, மின்சாரம் போன நேரத்தில், முயன்றேன். அரைமணி நேரம் கடுகு அசையவில்லை. ஒருவர் டீ குடிக்க எழுந்து போனார். அவர் போனபின் தட்டு லேசாக நடுங்கியது என்று மற்றவர் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.